மான் கடித்த பூ

மான் தின்னாத செடியாகப் பார்த்து நடுவதுதான் சேரப்பணஞ்சேரிப் பக்கத்து வழக்கம். காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி கிடையாது. ஆசைப்பட்டு எதையாவது நட்டால் காலையில் மொட்டைக் குச்சிதான் மிஞ்சும். அதனால் வேலியோரம் நொச்சி, ஆடாதொடை, அரளி என்று மான் முகத்தைத் திருப்பிக்கொள்கிற செடிகளாகத்தான் இருக்கும். மான் தின்ன வேண்டுமே என்று செடி தேடி அலைந்த ஆள் எனக்குத் தெரிந்து தணிகாசலம் ஒருவன்தான். அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாடகைக்கா வாய் வாங்கி வந்திருக்கிறார்கள்?

இது 1991இல் நடந்தது. அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் விழுந்த சாவு உலகத்துக்கே தெரியும். ஊர் முழுக்க போலீஸ் ஜீப்பும் கேமராவுமாக இருந்தது. எங்கள் பஸ்ஸைக்கூட நிறுத்தி, கீரைக் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். ஆடி மாதம் தணிகாசலத்தின் மகள் செந்தாமரை மஞ்சள் காமாலையில் செத்துப்போனதை எந்தப் பேப்பரும் போடவில்லை. போடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஆறு வயசுப் பெண். ஒண்ணாம் வகுப்பில் அப்போதுதான் சேர்த்திருந்தார்கள்.

காமாலைக்குப் பத்தியம் கடுமை. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, புளி கூடாது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்து, வெறும் சோற்றைக் குழைத்து ஊட்டினாள் அவள் அம்மா அம்சவல்லி. பிள்ளை அப்பளம் கேட்டது. வறுத்த கருவாடு கேட்டது. பக்கத்து வீட்டில் தாளித்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. "சரியானதும் துன்னலாம்டி கண்ணு" என்று அம்சவல்லி ஒவ்வொரு தடவையும் சொன்னாள். சரியாகவே இல்லை.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. ஏரிக்கரை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் புதைத்தார்கள். காடு என்றால் பெரிய மரம் எதுவும் கிடையாது. முள்ளும் புதரும் பாறையும்தான். நடுவில் புள்ளிமான்கள் உண்டு. பகலில் பாறைச் சந்தில் படுத்துக் கிடக்கும், இருட்டு பிரிகிற நேரத்தில் ஏரிக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும்.

மகள் போன பிறகு அம்சவல்லி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். பட்டினி கிடப்பது என்று அவள் முடிவு செய்யவில்லை. தட்டின் முன்னால் உட்காருவாள், பிசைவாள், கை வாய்வரைக்கும் போகாது. "பசியோட அனுப்பிட்டனே மாமா" என்பாள் தணிகாசலத்திடம். அவ்வளவுதான், எழுந்துவிடுவாள். படப்பையில் மரகதம் அம்மாள் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கிற வேலை அவளுக்கு. அதற்கும் போகவில்லை. முதுகெலும்பை ரவிக்கைக்கு மேலேயே எண்ணிவிடலாம் என்கிற மாதிரி ஆகிவிட்டாள்.

தணிகாசலம் ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த ஸ்பிரிங் கம்பெனியில் வேலை பார்த்தான். மகளைத் தூக்கிப் போனவன் அவன்தான், குழிக்குள் இறங்கி வாங்கியவனும் அவன்தான். அன்றைக்கு அவன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. இவள் இப்படிக் கிடக்கும்போது நானும் உட்கார்ந்துவிட்டால் யார் அடுப்பு மூட்டுவது என்று நினைத்துக்கொண்டான். தொடர்ந்து நைட் ஷிப்ட் கேட்டு வாங்கினான். பகலில் அவள் பக்கத்தில் இருக்கலாம் அல்லவா?

மகள் இடத்தில் ஊர் வழக்கப்படி முதலில் அரளியும் துளசியும் வைத்திருந்தார்கள். அரளி நன்றாகத்தான் பூத்தது. தினமும் காலையில் அம்சவல்லி போய்ப் பார்ப்பாள். பூத்த பூ பூத்தபடி இருக்கும். "ஒண்ணத்தக்கூட தொடல பாரு. எம்மேல கோவமாத்தான் கீறா" என்று திரும்பி வந்து படுத்துக்கொள்வாள்.

ஆவணியில் ஒரு நாள் மரகதம் அம்மாள் பார்க்க வந்தபோது கனகாம்பர நாற்று கொண்டுவந்து கொடுத்தாள், பூவும் மொட்டுமாக. அம்சவல்லி அதை மகள் தலைமாட்டில் நட்டாள். மறுநாள் காலை தணிகாசலம் ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே வாசலில் நின்றாள். முகத்தில் ஏதோ ஒரு களை.

"வந்துகீறா மாமா. பூவெல்லாம் துன்னுட்டு போயிகீறா."

"யாரு?"

"யாரா? செந்தாமரதான். ஒரு பூ பாக்கி வெக்கல."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பழைய சோற்றைப் பிழிந்து போட்டு உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். நடுவில் அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டாள். தணிகாசலம் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றான். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. ஆனால் சோறு உள்ளே போகிறதே! அந்தச் சந்தோஷத்தில் பயம் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நாள் விடியற்காலை கம்பெனியிலிருந்து வரும்போது நேராக ஏரிக்கரைக்குப் போனான். ஈர மண்ணில் இரட்டைக் குளம்படி பளிச்சென்று தெரிந்தது. நேற்று மிஞ்சிய துளிரையும் கடித்துவிட்டுப் போயிருந்தது மான். துளசி அப்படியே இருந்தது, அரளி அப்படியே இருந்தது. அவள் இதைப் பார்த்தால்? மான்தான் தின்றது என்று தெரிந்தால் மறுபடி படுத்துவிடுவாள். இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டாள். வேப்பங்கிளை ஒன்றை ஒடித்துக் குளம்படியை எல்லாம் பெருக்கி அழித்தான். காலால் மண்ணைத் தேய்த்துச் சமன் செய்தான். பிறகு ஒன்றும் தெரியாதவன் மாதிரி வீட்டுக்குப் போனான்.

அன்றிலிருந்து அதுவே அவன் வேலையாகிவிட்டது. விடிய விடிய ஸ்பிரிங் சுற்றுகிற மெஷினின் சத்தம் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஏரிமேல் பனி இறங்கியிருக்கும். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. பாதித் தூக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரைமேல் நடப்பான். சில நாள் மான் அங்கேயே நிற்கும். பெட்டை மான், காது நுனி கிழிந்தது. பூவை வாயில் வைத்தபடியே தலையைத் தூக்கி அவனைப் பார்க்கும். அவனும் பார்ப்பான். மெல்லுவதை நிறுத்தாமலே திரும்பிப் பனிக்குள் போய்விடும். இது நிஜமாகவே நடக்கிறதா, இல்லை மெஷின் பக்கத்தில் கண்ணசந்து கனவு காண்கிறோமா என்று அவனுக்குச் சந்தேகம் வரும். ஒரு நாள் புதருக்குப் பின்னால் மகளின் நீலப் பாவாடை தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சங்குப்பூக் கொடி. அவன் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

அம்சவல்லி தேறினாள். வேலைக்குக்கூடப் போனாள். மரகதம் அம்மாளிடம் கேட்டுக் கேட்டுக் கனகாம்பரம் கொண்டுவந்து நட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்துக் காடு மழைக்கு முன்னால் பார்த்தால் காய்ந்த துடைப்பம், மழைக்குப் பின்னால் பார்த்தால் வேறு காடு. பாறை இடுக்கில்கூட ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கும். காட்டுக்குள்ளேயே விருந்து நடக்கும்போது மான் எதற்கு இறங்கி வரும்? கனகாம்பரம் பூத்தபடியே இருந்தது. முதல் நாள் அம்சவல்லி பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். மறுநாளும் அப்படியே இருக்க, "இன்னாத்துக்குக் கோவம்னு தெரியல" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தினாள்.

தணிகாசலம் ஆடிப்போனான். அன்றைக்கு டீ நேரத்தில் பகலவனிடம் போய் உட்கார்ந்தான். பகலவன் அதே லைனில் வேலை செய்கிறவன். காட்டோரம் அவனுக்குக் கொஞ்சம் கத்தரி, வெண்டைக் கொல்லை உண்டு. மானோடு வருஷக்கணக்கில் சண்டை போடுகிற ஆள்.

"மானு இன்னா செடிய துன்னும்பா?" என்று கேட்டான் தணிகாசலம்.

"துன்னாததக் கேளு, சொல்றேன். எருக்கு துன்னாது. ஊமத்த, நொச்சி, நித்தியகல்யாணி, உன்னிப்பூ, ஒண்ணத்தையும் தொடாது. இத்த சுத்திவர வெச்சினு கம்முனு படுத்துத் தூங்கு."

"துன்றது இன்னான்னுதான் கேக்கறேன்."

பகலவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தான். "நாம ஆசப்பட்டு வெக்கறது அத்தினியும் துன்னும். இன்னா நைனா, மானு வளக்கப் போறியா? பாரஸ்டுகாரன் புடிச்சினு போய் உள்ள வெச்சிடுவான்."

தணிகாசலம் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்ய மாட்டான் என்று தெரியும். ஆனாலும் அம்சவல்லியின் நிலைமையை இன்னொருவர் வாயில் போட அவனுக்கு மனம் வரவில்லை. பகலவனும் தோண்டிக் கேட்கவில்லை. எழுந்து போகும்போது மட்டும், "மழக் காலத்துல அதுக்கு நாக்கு நீளம். எதிர இருக்கறதெல்லாம் துன்னாது, பொறுக்கித்தான் துன்னும். அது பின்னாலயே போய்ப் பாரு" என்றான்.

அப்படியே செய்தான். வார லீவு அன்றைக்கு இருட்டு பிரியும்போதே காட்டுக்குள் போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்தான். மழை விட்டுத் தூறலாக இருந்தது. மான்கள் ஒவ்வொன்றாகப் புதரிலிருந்து வந்தன. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று சொல்ல முடியாதபடி சத்தமில்லாமல் வந்தன. உன்னிப்பூப் புதரைச் சுற்றிக்கொண்டு போயின, ஏறிட்டும் பார்க்கவில்லை. ஊமத்தையை ஒரு குட்டி முகர்ந்து பார்த்துத் தும்மியது. துத்திச் செடிக்கு வந்ததும் நின்றன. மஞ்சள் பூவை மட்டும் நுனியில் பறித்துத் தின்றன. டிசம்பர் பூச் செடியில் ஊதா மொட்டுகளை விட்டுவைக்கவில்லை. சங்குப்பூக் கொடியைக் கண்டதும் காது கிழிந்த பெட்டை மான் அவசரப்பட்டது. கொடியை வாயில் கவ்வி, நூல் இழுக்கிற மாதிரி இழுத்து இழுத்து, நீலப் பூவும் பச்சைக் காயுமாக உள்ளே தள்ளியது. தணிகாசலத்துக்கு ஏனோ நெஞ்சு நிறைந்துவிட்டது. தின்னு, தின்னு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். தூறல் நின்று வெயில் எட்டிப் பார்த்த பிறகும் அவன் எழுந்து வரவில்லை.

அன்றைக்கே சங்குப்பூக் கொடியை வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து மகள் இடத்தைச் சுற்றி நட்டான். படர்வதற்கு முள்ளில்லாத குச்சிகளாக ஊன்றினான். இரண்டு காலை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் காலை பாதிக் கொடியைக் காணோம். கனகாம்பரமும் போயிருந்தது. குளம்படியைப் பெருக்கிவிட்டு நிமிரும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அம்சவல்லி குனிந்து அறுந்த காம்புகளைத் தடவிப் பார்த்தாள். பூப்பறித்தே பழகிய விரல்கள் அவளுக்கு. "கிள்ளல பாரு மாமா. நகம் பட்டா இப்டி இருக்காது. பல்லால கடிச்சி இஸ்துகீறா. அவ்ளோ பசி" என்றாள். அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவன் சைக்கிள் கேரியரில் எப்போது பார்த்தாலும் ஒரு செடி இருக்கும். ஒரு வாரம் துத்தி, அடுத்த வாரம் டிசம்பர் பூ. மான் எதில் சலித்துக்கொள்கிறதோ அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கொண்டுபோய் நடுவான். இடுகாட்டில் தோட்டம் போடுகிறான் என்று ஊர் சிரித்தது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன், "இன்னா தோட்டக்காரரே, இன்னிக்கி இன்னா செடி?" என்று கேட்பான். தணிகாசலம் கோபப்படாமல் பெயரைச் சொல்லிவிட்டுப் போவான். அம்சவல்லியின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அது போதும் அவனுக்கு.

கார்த்திகையில் அடைமழை. விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பி, கலங்கல் வழியே மிச்சத் தண்ணீர் வழிகிற சத்தம் ஊருக்குள் கேட்டது. அம்சவல்லிக்குக் காய்ச்சல் கண்டு, சில நாள் வெளியில் வர முடியாமல் கிடந்தாள். அவளை விட்டு நகர முடியாமல் தணிகாசலமும் அந்தப் பக்கம் போகவில்லை. காய்ச்சல் விட்ட அன்றைக்குக் காலையில், "நான் போய் பாத்துட்டு வந்துதான் கஞ்சி குடிப்பேன்" என்று தணிகாசலம் தடுக்கத் தடுக்கக் கேட்காமல் குடையை எடுத்தாள். தலையை முடிந்துகொண்டு அவள் கிளம்புவதற்குள் இவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

போய்ப் பார்த்தால் பூ நிறைந்து கிடந்தது. மழையில் கொடியெல்லாம் திமிர்த்துப் படர்ந்து, நீலமாக, தரையே தெரியாதபடி பூத்திருந்தது. ஒரு குளம்படி இல்லை. மான்கள் வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுப் பாறைக்குப் போய்விட்டிருந்தன. எவ்வளவு நாளாக வரவில்லையோ!

கரைமேல் கறுப்புக் குடை வருவது சாரலுக்குள் தெரிந்தது. காய்ச்சல் விட்ட உடம்பு, வெறும் வயிறு. இந்தப் பூவை இப்படியே பார்த்தால் அவள் அவ்வளவுதான். தணிகாசலம் குனிந்து பறிக்கக் கை வைத்தான். வைத்த கையை எடுத்துவிட்டான். நகம் பட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். வேறொன்றும் தோன்றவில்லை. சேற்றில் முட்டி போட்டு, இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து பூவை வாயால் கவ்வினான். கடித்து இழுத்தான். கொடி அறுந்தது. அடுத்ததைக் கவ்வினான். துப்பினால் அவள் கண்ணில் படும் என்று மென்று விழுங்கினான். பச்சை அவரைக்காயின் ருசி. மழையின் குளிர்ச்சி. மூக்கெல்லாம் மண். நாலு காலில் நகர்ந்து நகர்ந்து தின்றான். ஒரு கட்டத்தில் அவள் வருவது மறந்துவிட்டது. மேட்டுப் பாறையில் மான்கள் மெல்லுகிற சத்தமும் தன் வாய்க்குள் கேட்கிற சத்தமும் ஒன்றுதான் என்று பட்டது.

"இன்னா பண்ற மாமா?"

குடை பக்கத்தில் நின்றது. அவன் வாய் நிறைய பூ.

அம்சவல்லி சுற்றிலும் பார்த்தாள். "மானு வர்லியா?" என்றாள்.

தணிகாசலம் வாயில் இருந்ததை விழுங்கினான். "உனக்குத் தெரியுமா?"

"இது இன்னா கேள்வி? குளம்படிய நீ பெருக்கிட்ட. மான் புழுக்க கெடக்குதே, அத்த யாரு அள்ளறது?"

"நீதான செந்தாமர வந்து துன்னுட்டு போறான்னு சொன்ன?"

"ஆமா, சொன்னேன். அமாவாசைக்கு உங்கப்பாவுக்கு எலையில சோறு வெக்கறோம். துன்னதும் நீ இன்னா சொல்ற? அப்பா வந்து துன்னுட்டாருன்னுதான சொல்ற? காக்கா துன்னுச்சுன்னா சொல்ற?"

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் அவன் சொல்வது அதேதான். காக்கா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அது காக்கா என்று அவனுக்குத் தெரியாதா என்று யாரும் அவனைக் கேட்டதும் இல்லை.

"பின்ன எதுக்கு மண்ண பெருக்கறேன்னு நீ கேக்கவே இல்லியே?"

"நீ நம்ம புள்ள எடத்த சுத்தமா வெச்சிக்கறன்னு நெனச்சிக்கினேன்" என்றாள் அம்சவல்லி. "உனக்கு அழுகை வர்லியேன்னு எனக்கு பயமா இருந்திச்சி. இதாவது பண்றியேன்னு வுட்டுட்டேன்."

சேற்றில் உட்கார்ந்தபடியே தணிகாசலம் அவளை அண்ணாந்து பார்த்தான். இத்தனை மாதம் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தவன் அவன். முகம் கோணியது. "இன்னிக்கி வர்ல அம்சா. ஒண்ணுகூட வர்ல. கொழந்த பசியோட..." என்று தொடங்கியவனால் முடிக்க முடியவில்லை. ஆடியிலிருந்து அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. ஏரிக்கரைக்குக் கேட்கிற மாதிரி அழுதான்.

அம்சவல்லி குடையை மடக்கிக் கீழே போட்டாள். அவன் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் வாயோரத்து மண்ணைத் துடைத்தாள். பிறகு தரையோடு கிடந்த ஒரு கொடியைப் பூவோடு தூக்கி அவன் வாயருகே நீட்டினாள்.

"செந்தாமரைக்குப் போதும்னா தட்ட உன் பக்கம்தான தள்ளுவா? அவ வெச்ச மீதிய ஒரு நாளாவது நான் துன்னுகீறனா? நீதான துன்னுவ. இதுவும் மீதிதான். துன்னு."

தணிகாசலம் வாயைத் திறந்தான். அழுதுகொண்டே தின்றான். அது முடிந்ததும் அவள் அடுத்த கொடியைத் தூக்கிக் கொடுத்தாள்.